படியில் கட்டிப்போட்ட சேவல்

அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று ஆவடி குவார்ட்டர்ஸில் எட்மண்ட் வீட்டில் முதலில் தயாரானது சேவல்தான்.

வசந்தகுமாரி அதன் காலைக் கழுவித் துடைத்து, மகளின் பழைய ரிப்பனைக் கழுத்தில் கட்டி, மூங்கில் கூடைக்குள் உட்கார வைத்திருந்தாள். குருணையும் மிச்சச் சோறும் போட்டு ஆசையாக வளர்த்த சேவல். ஆண்டவருக்கு என்று ஒதுக்கியதால் அதை யாரும் அதட்டக்கூடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். புருஷனை அதட்டலாம், அதற்குத் தடையில்லை.

"டை கோணலா இருக்கு பாருங்க. சம்பந்தி அம்மா முன் வரிசையில உக்காருவாங்க. நீங்க வேற இன்னிக்கு வசனம் வாசிக்கணும்."

"தெரியும், தெரியும்."

"தெரிஞ்சா சரி." 

அந்த வீட்டில் இப்போதெல்லாம் பேச்சு அவ்வளவுதான். காரணம் இதுதான். போன வாரம் பூந்தமல்லியிலிருந்து தவமணி அம்மாள் வந்து, தன் மகனுக்கு இவர்கள் மகள் ஹெப்சியைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கத்துல யாரும் அந்தக் கைதட்டுற சபைக்குப் போறவங்க இல்லையே? எங்க வீட்டுல அதுமட்டும் ஒத்துவராது."

அதற்கு எட்மண்ட், "எனக்குக் கூடப் பிறந்தவங்களே யாரும் இல்லீங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

தவமணி அம்மாள் நிம்மதியாக பஸ் ஏறினார். வசந்தகுமாரி கேசரிப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். ஹெப்சிதான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, பாடியில இருக்கிற அத்தை உயிரோடதானப்பா இருக்காங்க?"

பாடியில் இருப்பது ஞானசௌந்தரி. எட்மண்டின் ஒரே அக்கா. சின்ன வயதில் இதே ஆவடியில் அவர் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள். கல்யாணமாகிப் பாடிக்குப் போனவள் ஏழு வருடத்துக்கு முன்னால் திடீரென்று அந்தக் கைதட்டுற சபையில் சேர்ந்து, தொட்டியில் முழுகி மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். தோடு, வளையல், அம்மா போட்ட சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெள்ளைச் சேலைக்கு மாறினாள். "அப்போ குழந்தையில நமக்கு ஐயர் கொடுத்த ஞானஸ்நானம் என்ன, பச்சைத் தண்ணியா?" என்று எட்மண்ட் அன்று கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

அதுகூடப் போகட்டும். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது நடந்ததுதான் பெரிது. கடைசிக் காலத்தில் அம்மாவைப் பாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டது அக்காதான். ஆவடி கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடுவதற்கு முன் அவள் கண்ணை மூடிக் கையை உயர்த்தி, "ஆண்டவரே, எங்க அம்மா எங்களுக்கு ஊட்டின கைக்காக..." என்று ஆரம்பித்தாள்.

"உங்க கூட்டத்துச் சத்தமெல்லாம் இங்க வேணாம்" என்றார் எட்மண்ட், அத்தனை பேர் முன்னாலும். அக்கா உயர்த்திய கையை அப்படியே இறக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை.

கோயிலுக்கு நடந்து போகும்போது சேவல் கூடையை எட்மண்ட்தான் சுமந்தார். வழியெல்லாம் அது அவரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தது.

கோயில் அன்றைக்குக் காய்கறி மார்க்கெட் மாதிரி இருந்தது. ஃபாக்டரி வேலைக்கு வந்த ஜனங்களுக்கு வயல் ஏது, அறுப்பு ஏது? ஆனாலும் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. குவார்ட்டர்ஸ் பின்பக்கத்தில் விளைந்த பூசணிக்காய், வாழைத்தார், கட்டுக் கரும்பு, கேக், பின்னிய கூடை, இரண்டு முயல். எல்லாவற்றையும் பவனியாகக் கொண்டுபோய்ப் பீடத்தின் படிகளில் வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம், அப்புறம் அசனம் என்கிற ஊர்ச் சாப்பாடு. சேவலைக் கூடையோடு கீழ்ப்படியில், வாழைத்தாரின் காம்பில் கட்டிவைத்தார்கள்.

முன் வரிசையில் தவமணி அம்மாள் பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எட்மண்ட் வாசிப்பு மேடைக்குப் போகும்போது அவர் பெருமையாகத் தலையசைத்தார். எட்மண்டும் டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

காணிக்கை படைக்கும் பண்டிகை என்பதால் சபைக் குருவான ஐயர் தேர்ந்தெடுத்திருந்தது மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பகுதி. முந்தின நாளே எட்மண்ட் அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்திருந்தார். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை ஏற்றுவது என்றுதான் பார்த்தாரே தவிர, என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. சபைக் கமிட்டிச் செயலாளரான தனக்கு அது எப்படித் தெரியாமலிருக்கும் என்கிற நம்பிக்கை.

இப்போது கம்பீரமாக வாசித்துக்கொண்டு வந்தார். பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் ஒரு குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு சமாதானமாகு என்று வரும் இடம்.

அந்த இடத்தில் சேவல் கூவியது.

சும்மா இல்லை. கழுத்தை நீட்டி, ரிப்பன் அவிழும்படி, கோயில் முழுக்க எதிரொலிக்கக் கூவியது. பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர்கள் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். ஐயர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

சிரிக்காதவர் எட்மண்ட் ஒருவர்தான்.

எனக்குக் கூடப் பிறந்தவங்களே யாரும் இல்லீங்க. தான் வாசலில் நின்று சொன்னது அவர் காதிலேயே கேட்டது. இயேசுவின் சீடர் ஒருவரும் இப்படித்தான் ஒரு முற்றத்தில் நின்று, அந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்று சொன்னார். அப்போதும் ஒரு சேவல் கூவிற்று. ஞாயிறு பள்ளியில் எத்தனை வருடம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்! பேதுருவை எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறார்!

குனிந்து வசனத்தை மறுபடி பார்த்தார். ஏழு வருடமாக அக்காமேல் அவருக்கு இருந்த குறைகளை அவர் ஒன்றுவிடாமல் மனப்பாடமாக வைத்திருந்தார். வசனம் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. உனக்கு அவள்மேல் என்ன வருத்தம் என்றே அது விசாரிக்கவில்லை. அவளுக்கு உன்மேல் என்ன வருத்தம் என்றுதான் விசாரித்தது. இந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மீதியை எப்படியோ வாசித்து முடித்தார். இறங்கினார். தன் இடத்துக்குப் போகாமல் நேரே ஐயர் பக்கம் போய்க் காதோடு சொன்னார்.

"ஐயர், நான் பாடி வரைக்கும் போயிட்டு வரணும்."

"இப்பவா? பிரசங்கம் ஆரம்பிக்கப் போகுது எட்மண்ட்!"

"இப்பவேன்னுதான போட்டிருக்கு, ஐயர்."

ஐயர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். அப்புறம் படியிலிருந்த சேவலைப் பார்த்தார். அம்மாவின் அடக்கத்தை நடத்தியவர் அவர்தான். "போங்க. உங்க காணிக்கை இங்கேயே இருக்கும்" என்றார்.

எட்மண்ட் நடுப்பாதை வழியாக வெளியே நடந்தார். தவமணி அம்மாள் திரும்பிப் பார்த்தார். வசந்தகுமாரி ஒன்றும் புரியாமல் எழுந்து பாதியில் உட்கார்ந்தாள்.

பல்லவன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிடைத்தது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, ஏனென்றால் உட்கார்ந்ததும் யோசனை வந்துவிட்டது. திருமுல்லைவாயல் வருவதற்குள் வீரம் பாதியாகக் குறைந்தது. போய் என்ன சொல்வது? அவள் கதவைச் சாத்தினால்? அத்தான் செபாஸ்டியன் நல்லவர்தான், ஆனாலும் மாமியார் அடக்கத்தில் மனைவி அவமானப்பட்டதை எந்தப் புருஷன் மறப்பான்? அம்பத்தூர் ஓ.டி. வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தேவிட்டார். முன்னால் நின்ற ஆள் அந்த இடத்தில் சட்டென்று உட்கார்ந்துகொண்டான். போன இடம் போனதுதான் என்று எட்மண்ட் பாடி வரை நின்றுகொண்டே போனார்.

அக்கா வீடு பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கே இருப்பாள் என்று இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. முனையில் டீக்கடைக்காரரிடம் விசாரித்தார்.

"இன்னா சார், அல்லேலூயா கோயிலா? அதோ லாரி நிக்குது பாரு, அத்தாண்டதான். நீ வழியே கேக்கத் தாவல, சத்தமே இட்டுகினு பூடும்" என்றார் அவர்.

சத்தம் அழைத்துக்கொண்டுதான் போனது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாம் வெள்ளை வெளேரென்று. பெண்கள் பக்கம் முன்னால் மடியில் கஞ்சிராவோடு உட்கார்ந்திருந்தாள் ஞானசௌந்தரி. தலை நன்றாக நரைத்திருந்தது. இந்த இரண்டு வருடத்தில்தான் நரைத்திருக்க வேண்டும்.

எட்மண்ட் ஷூவைக் கழற்றினார். வலது சாக்ஸில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. கடைசிப் பாயில் ஒடுங்கி உட்கார்ந்து, விரலை மடக்கி மறைத்துக்கொண்டார். முடிந்ததும் வாசலில் அக்காவைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடலாம் என்பது திட்டம்.

ஆனால் அந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வந்தவர்களை எழுப்பிப் பெயர் கேட்பார்கள்.

பாட்டு நின்றதும் பாஸ்டர் சந்தோஷமாகக் கையை நீட்டினார். "பின்னாடி டை கட்டியிருக்கிற அருமையான சகோதரர் இன்னிக்குத்தான் நம்ம கூடுகைக்கு வந்திருக்கார். எழுந்து உங்க பேரைச் சொல்லுங்க, பிரதர். ஒரு சாட்சி இருந்தாலும் சொல்லலாம்."

ஷெட் முழுக்கத் திரும்பியது. அக்காவும் திரும்பினாள். அவள் முகம் வெளுத்துப் போனது. யாரோ போய்விட்ட செய்தி கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

எட்மண்ட் எழுந்தார்.  ஆயிரம் பேர் முன்னால் வாசித்தவர்தான், ஆனால் அதெல்லாம் புஸ்தகத்தைப் பார்த்து.

"என் பேரு எட்மண்ட். ஆவடியிலேர்ந்து வர்றேன். அங்க முன்னாடி உக்காந்திருக்கிற ஞானசௌந்தரி... என் கூடப் பிறந்த அக்கா."

"அல்லேலூயா!" என்று ஷெட் அதிர்ந்தது. தம்பி ரட்சிக்கப்பட வந்துவிட்டான் என்று அவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

"சந்தோஷப்பட ஒண்ணும் இல்லீங்க" என்றார் எட்மண்ட். "நான் சபை மாற வரல. நான் அதே சபைதான். எங்க அம்மா அடக்கத்துல அக்கா ஜெபம் பண்ண ஆரம்பிச்சாங்க. நான் பாதியில நிறுத்திட்டேன். அம்மாவப் பார்த்துக்கிட்டது அவங்க. தடுத்தது நான்."  இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அடுத்தது அக்காவுக்கே தெரியாது. "போன வாரம் என் மகளைப் பார்க்க வந்தவங்ககிட்ட, எனக்குக் கூடப் பிறந்தவங்களே இல்லேன்னு சொல்லிட்டேன். என் அக்காவை இல்லேன்னு சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்த செபாஸ்டியன் அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாஸ்டர்தான், "சகோதரி ஞானசௌந்தரி ஜெபம் பண்ணட்டும்" என்றார்.

அக்கா எழுந்தாள்.  கூடப் பிறந்தவர்களே இல்லை என்றது அவளை எங்கோ போய்க் குத்தியிருக்க வேண்டும், உதடு துடித்தது. எட்மண்ட் தலையைக் குனிந்துகொண்டார். எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றார்.

கஞ்சிராவைக் கீழே வைத்துவிட்டு அவள் கையை உயர்த்தினாள்.

"ஆண்டவரே, எங்க அம்மா எங்களுக்கு ஊட்டின கைக்காக உமக்கு ஸ்தோத்திரம்."

நிறுத்திய இடத்திலேயே எடுத்துவிட்டாள். "ஒரே தட்டுல எங்க ரெண்டு பேருக்கும் ஊட்டினதுக்காக ஸ்தோத்திரம். தம்பிக்கு முதல் வாய், எனக்கு ரெண்டாம் வாய். அதுக்கும் ஸ்தோத்திரம்..." அதற்கப்புறம் அவள் சொன்னது கேட்கவில்லை. அந்தச் சபை வழக்கப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதைச் சத்தம் என்று எட்மண்ட் விரட்டினாரோ அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று, புஸ்தகம் இல்லாமல், டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரும் வாய்விட்டு அழுதார்.

வெளியே வந்ததும் அக்கா முதலில் பார்த்தது அவர் காலைத்தான்.

"ஏல, வசந்தாகிட்ட சொன்னா சாக்ஸ் தைச்சுத் தர மாட்டாளா?"

"அவ என்கூடச் சரியாப் பேசி ஒரு வாரமாச்சுக்கா."

"நல்லா வேணும். காணிக்கைக்கு என்ன கொண்டுபோன?"

"சேவல். படியிலேயே கட்டிப்போட்டுட்டு வந்துட்டேன்."

"உசிருள்ளதையா? தண்ணி வச்சியா?"

எட்மண்ட் விழித்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். "வா வா. வாயில்லாத ஜீவன் காலையிலேர்ந்து கெடக்கு. நானும் வர்றேன்."

பஸ்ஸில் பாதித் தூரம் அவள் ஹெப்சியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். மீதித் தூரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆவடி நெருங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணத்துக்குக் கூப்பிட்டா வருவேன். ஆனா நகை போட மாட்டேன், எட்மண்டு. அவங்க கேப்பாங்க. அதை யோசிச்சுக்கோ."

கோயிலில் ஏலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. வருடா வருடம் ஏலம் விடுவது பக்கத்து பிளாக் செங்கல்வராயன். அவர் சாமி வேறு, ஆனால் அந்தத் தொண்டைக்காக அவரைத்தான் கூப்பிடுவார்கள். எட்மண்டைக் கண்டதும் கத்தினார்.

"இன்னா சார், எங்க பூட்டே? பூசணிக்கா போச்சு, வாழத்தார் போச்சு, மொசலுகூடப் போச்சு. சேவல் மேல மட்டும் கை வெக்கக் கூடாதுன்னு ஐயரு சொல்ட்டாரு. அது உள்ளியே குந்திகினு கீது!"

கோயில் வாசலில் அக்கா தயங்கினாள். அம்மாவின் அடக்க ஆராதனைக்குப் பிறகு இந்தப் படி ஏறவில்லை. பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். அதைப் பார்த்துவிட்டு எட்மண்டும் ஷூவைக் கழற்றினார். ஓட்டை சாக்ஸோடு நடந்துபோய்க் கூடையைத் தூக்கினார். அக்கா கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து அதை ஐயர் கையில் கொடுத்தார்கள்.

"எங்க ரெண்டு பேர் காணிக்கை, ஐயர்."

ஐயர் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அக்கா எங்கிருந்தோ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து சேவலுக்கு வைத்தாள்.

எட்மண்ட் அக்காவைக் கைப்பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நுழையும்போதே வசந்தகுமாரி ஓடிவந்தாள். "மதினி!" என்று ஞானசௌந்தரியைக் கட்டிக்கொண்டவள், புருஷனின் ஓட்டை சாக்ஸைப் பார்த்து அழுகைக்கு நடுவே சிரித்தாள். ஹெப்சி அத்தையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் தவமணி அம்மாள் பார்த்துவிட்டார். முன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெள்ளைச் சேலையைப் பார்த்தார். வெறும் காதைப் பார்த்தார். வெறும் கழுத்தைப் பார்த்தார். பந்தலில் செங்கல்வராயன் சேவலைத் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம்!" என்றார்.

"இவங்க யாருங்க?" என்று கேட்டார் தவமணி அம்மாள்.

ஹெப்சி மூச்சை அடக்கிக்கொண்டாள். தன் கல்யாணம் அப்பாவின் நாக்கு நுனியில் நிற்பது அவளுக்குத் தெரியும்.

"எங்க அக்கா" என்றார் எட்மண்ட். "கூடப் பிறந்த அக்கா. பாடியில இருக்காங்க. நீங்க கேட்ட அந்தச் சபைக்குத்தான் போறாங்க."

"அன்னிக்கு யாரும் இல்லேன்னீங்களே?"

"ஆமாங்க. பொய் சொன்னேன்."

செங்கல்வராயன் கையிலிருந்த சேவல் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. இந்தத் தடவை கூவவில்லை.

தவமணி அம்மாள் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போவதற்காகவா, அக்காவுக்கு இடம் விடுவதற்காகவா என்று எட்மண்டுக்குத் தெரியவில்லை. ஹெப்சியின் முகத்தைப் பார்க்கும் தைரியமும் அவருக்கு வரவில்லை.

அக்கா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். எட்மண்ட் விடவில்லை.